புதுமண்டபத்துப் பாவாடை சட்டை

மதுரையில் என் வயதுப் பெண்களிடம், சின்ன வயதில் போட்டிருந்த பாவாடை சட்டையை யார் தைத்தது என்று கேட்டுப் பாருங்கள். “வீட்டுலதான், அம்மா தைச்சது” என்பார்கள். அதில் பாதிதான் உண்மை. துணியை வெட்டியதும் மெஷினை மிதித்ததும் வீட்டில்தான். ஆனால் கைக்குழியை எவ்வளவு ஆழம் வெட்டுவது என்று பார்த்துக்கொண்டது, துணியின் நிறத்துக்கு நூல் தேடியது, படியாத கழுத்தைக் கொண்டுபோய்க் காட்டியது, காஜா போட்டு வாங்கியது எல்லாம் மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே இருக்கும் புதுமண்டபத்தில். முறையாகத் தையல் படிக்காத அம்மாக்களை அரைகுறையாகவாவது தைக்க வைத்த இடம் அது.

திருமலை நாயக்கர் ஆட்சி செய்தது 1623 முதல் 1659 வரை. அந்தக் காலத்தில், வைகாசி வெயிலில் சுவாமியும் அம்மனும் வந்து இளைப்பாறும் வசந்த விழாவுக்காகக் கட்டிய மண்டபம் இது. முன்னூறு அடிக்கு மேல் நீளம், நூறு அடிக்கு மேல் அகலம், நூற்றுக்கு மேற்பட்ட கல்தூண்கள். நடுப்பாதையில் நாயக்க மன்னர்கள் பத்துப் பேர் தூணோடு தூணாகக் கைகூப்பி நிற்பார்கள். ஒரு தூணில் கயிலையைத் தூக்கும் இராவணன், இன்னொன்றில் காளி, வேறொன்றில் கரும்பு தின்னும் கல்யானை. பள்ளிக்கூடச் சுற்றுலாவில் வரும் பிள்ளைகள் இந்தச் சிலைகளைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டு தூணுக்கு நடுவில் ஒரு கயிறு, கயிறு நிறையப் பாவாடை, ஜாக்கெட், பூப்போட்ட துணி. அந்தத் துணிகளுக்குப் பின்னால்தான் சிற்பம். சிற்பத்தின் காலடியில் ஒரு கறுப்பு மெஷின். மெஷினுக்குப் பின்னால் காதில் சாக்குக் கட்டியும் கழுத்தில் இஞ்ச் டேப்புமாக ஒரு தையல்காரர்.

தையல்காரர்கள் மட்டுமா? வளையல் கடை, பித்தளைப் பாத்திரக் கடை, பழைய பாடப் புத்தகக் கடை, மரச்சொப்பு விற்கும் கடை, குங்குமக் கடை எல்லாம் அதே தூண்களுக்கு இடையில்தான். ஆனால் வெளியில் இருந்து வரும்போது முதலில் காதில் விழுவது மெஷின் சத்தம். கல் கூரைக்கு அடியில் வரிசையாகப் பல மெஷின்கள் ஒரே நேரத்தில் ஓடினால் அது தனிச் சத்தம். பேச வேண்டுமானால் தையல்காரர் காலை மிதியிலிருந்து எடுக்கும்வரை காத்திருக்க வேண்டும்.

எங்கள் வீடு தெற்கு மாசி வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில். அம்மாவிடம் ஓர் உஷா மெஷின் இருந்தது. தவணையில் வாங்கியது. ஜன்னலோரம், மரப்பெட்டி மூடியோடு, வீட்டிலேயே வெளிச்சம் நன்றாக விழும் இடம் அதற்குத்தான். சந்தில் மெஷின் உள்ள வீடு எங்களுடையது ஒன்றே என்பதால் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் யாராவது ஒருத்தர் கையில் கிழிசலோடு வருவார். “அக்கா, ஒரு ஓட்டு ஓட்டிக் கொடுங்க” என்பார்கள். அம்மாவுக்கு நேராக ஓட்டத் தெரியும். தலையணை உறை, திரைச்சீலை, உள்பாவாடை வரைக்கும் தைரியம் உண்டு. பாவாடை சட்டை வேறு விஷயம். அதில் பாவாடை கணக்கு, சட்டை வித்தை.

பாவாடையின் கணக்கு எனக்கு இன்றைக்கும் வாயில் நிற்கிறது. ஏழு வயதுப் பிள்ளைக்கு இடுப்பு 22 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். மடிப்பு வைத்துத் தைத்தால் ஒவ்வொரு மடிப்பிலும் துணி மூன்று அடுக்காக உட்காரும். ஆகவே இடுப்பைப் போல மூன்று பங்கு, 66 அங்குலம் வேண்டும். அப்போது பாப்ளின் 36 அங்குல அகலத்தில் வரும். இரண்டு துண்டை இணைத்தால் 72. தையலுக்கும் சேர்ப்புக்கும் போக 66 தாராளமாகக் கிடைக்கும். நீளத்துக்கு இடுப்பிலிருந்து கணுக்கால் வரை 28, கீழ் மடிப்புக்கு 3, அப்புறம் டக்குக்கு 4. ஓர் அங்குல டக் ஒன்று இரண்டு அங்குலத் துணியை விழுங்கும். இரண்டு டக் பிடித்தால் நாலு. மொத்தம் 35. ஆக ஒரு துண்டுக்கு ஒரு கஜம், இரண்டு துண்டுக்கு இரண்டு கஜம். சட்டைக்கு, பஃப் கையோடு சேர்த்து, ஒரு மீட்டர். “மூணு மீட்டர் குடுங்க” என்று எந்த அம்மாவும் யோசிக்காமல் கேட்டதற்குப் பின்னால் இந்தக் கணக்கு இருந்தது.

டக் என்பது அழகுக்காக என்று இப்போது நினைக்கிறார்கள். வளர்த்திக்காகப் பிடித்தது அது. வருஷத்துக்கு ஒன்றாகப் பிரித்துவிட்டால் பாவாடை பிள்ளையோடு சேர்ந்து இறங்கும். பிரித்த இடத்தில் வெளுக்காத துணி ஒரு பட்டையாகத் தெரியும். பள்ளியில் எங்கள் வகுப்புப் பெண்கள் பாதிப் பேர் பாவாடையில் அந்தப் பட்டை இருந்தது. யாரும் அதை மறைக்கவில்லை. இடுப்பில் நாடா வைத்தால் சின்னப் பிள்ளைக்கு நிற்காது என்று, கையில்லாத மேல்பாடி ஒன்றைத் தைத்து அதோடு பாவாடையை இணைப்பார்கள். பாடி வைத்த பாவாடை. தோளில் தொங்குவதால் ஓடினாலும் ஆடினாலும் நழுவாது. இந்தப் பாடிக்குப் புதுத்துணி போடுவது வீண் என்று அப்பாவின் பழைய வேட்டியில் இருந்து வெட்டுவார்கள்.

துணி எடுப்பது விளக்குத்தூண் பக்கம். பிளாக்பர்ன் என்ற கலெக்டரின் நினைவாக நிறுத்திய பழைய விளக்குக் கம்பம் இருக்கும் முனை அது. சுற்றிலும் ஜவுளிக் கடைகள். உள்ளே போகப் போகச் சந்துகளில் கட் பீஸ் கடைகள், எடை போட்டு விற்கும் பிட் துணிக் கடைகள். நாயக்கர் மகாலின் மிச்சமாக நிற்கும் பத்துத்தூண் பக்கம் போனால் சுங்குடி. சௌராஷ்டிரப் பெண்கள் துணியைக் கிள்ளிக் கிள்ளி நூலால் முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்குவார்கள். முடிச்சைப் பிரித்தால் முடிச்சுக்குள் இருந்த இடம் மட்டும் வெள்ளைப் புள்ளியாக நிற்கும். மதுரைச் சுங்குடிக்கு 2005-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கு வெகுகாலம் முன்பே பழைய சுங்குடிச் சேலை எல்லாம் எங்கள் சந்தில் பாவாடையாக மறுபிறவி எடுத்துக்கொண்டிருந்தது. கரை கீழே வருகிற மாதிரி வெட்டினால் கீழ் மடிப்புக்கு எம்மிங் போடும் வேலை மிச்சம்.

புதுச் சுங்குடியானால் கஞ்சி விறைப்பாக நிற்கும். அதை அப்படியே வெட்டக் கூடாது. ஒரு ராத்திரி உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, நிழலில் காயவைத்து, அப்புறம்தான் கத்தரி. சுருங்குவது எல்லாம் வெட்டுவதற்கு முன்னாலேயே சுருங்கிவிட வேண்டும். இது யார் சொன்னது என்று அம்மாவைக் கேட்டால், “புதுமண்டபத்துல பாய் சொன்னாரு” என்பார்.

எந்த பாய் என்று கேட்கக் கூடாது. அங்கே உட்கார்ந்திருந்த தையல்காரர்களில் பலர் முஸ்லிம்கள். மற்றவர்களை அண்ணே என்று கூப்பிட வேண்டும், இவர்களை பாய் என்று கூப்பிட வேண்டும்; சந்துப் பெண்களுக்குத் தெரிந்த முறை அவ்வளவுதான். பெயர் கேட்டதாக நினைவில்லை. ‘காளி தூண் பாய்’, ‘யானைக்குப் பக்கத்துல உள்ள அண்ணே’, ‘வளையல் கடைக்கு அடுத்த பாய்’ என்று இடத்தை வைத்தே அடையாளம்.

அம்மா அங்கே போகும் முறையைச் சொல்ல வேண்டும். நேராகப் போய், “எனக்குச் சட்டை வெட்டச் சொல்லிக் கொடுங்க” என்று கேட்க முடியாது. அது தொழில். கூலி கொடுத்துத் தைக்கக் கொடுப்பவர்களுக்கு முன்னால் அப்படிக் கேட்பது மரியாதையும் இல்லை. அதனால் ஒரு சாக்கு வேண்டும். ஒரு டஜன் கொக்கி, ஒரு பாபின் நூல், அரை மீட்டர் லேஸ். அதை வாங்கிக்கொண்டு, மண்டபத்துக் கல்மேடையில் கால் வலிக்கிறது என்று உட்காருவார். பக்கத்தில் நான். எதிரே பாய் ஒரு சட்டை வெட்டிக்கொண்டிருப்பார். அம்மாவின் கண் அவர் கையை விட்டு நகராது.

அவர் துணியை நாலாக மடிப்பார். சட்டையின் முன்பக்கம், பின்பக்கம் இரண்டும் ஒரே வெட்டில். டேப்பை அதிகம் தொட மாட்டார். சாண், நாலு விரல், இரண்டு விரல். கைக்குழி வரும் இடத்தில் சாக்கால் ஒரே வளைவு, பின்பக்கத்துக்கு அதிலிருந்து சற்றுக் கம்மி, முன்பக்கத்துக்குச் சற்றுக் குழி. கை முன்னால் நீள்வதற்கு இடம் விட வேண்டும் என்பதற்காக அந்தக் குழி. இந்த ஒரு வித்தியாசம் தெரியாமல் இரண்டு பக்கமும் ஒன்றுபோல வெட்டினால் பிள்ளை கையைத் தூக்கும்போதெல்லாம் சட்டையும் மேலே ஏறும்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா பழைய தினத்தாள் ஒன்றை விரித்து, பார்த்ததை மறப்பதற்குள் வரைந்து வைத்துவிடுவார். அந்தக் காகிதங்கள் மெஷின் பெட்டிக்குள் மடித்து இருக்கும். ஐந்து வயது, ஏழு வயது, ஒன்பது வயது. சந்தில் எந்தப் பிள்ளைக்குத் தைத்தாலும் அந்தக் காகிதத்தை எடுத்துத்தான் தைத்தார்கள்.

பக்கத்து வீட்டு அத்தை வேறு வழியில் வந்தவர். அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் தையல் லோயர் எழுதித் தேறியவர், ஹையர் எழுதக் காத்திருந்தவர். தையல் டீச்சர் வேலை கிடைக்கும் என்று அந்தக் காலத்தில் நிறையப் பெண்கள் அதை எழுதினார்கள். அத்தையிடம் எல்லாவற்றுக்கும் சூத்திரம் உண்டு. மார்பளவில் நாலில் ஒன்று, தளர்ச்சிக்கு ஒன்றரை அங்குலம். கழுத்து அகலத்துக்குப் பன்னிரண்டில் ஒன்று. 24 அங்குல மார்புக்கு ஏழரையும் இரண்டும். நோட்டில் சிவப்பு மையில் கோடு போட்டுப் படம் வரைந்திருப்பார். அம்மாவும் அத்தையும் தரையில் துணியை விரித்துக்கொண்டு ஒருத்தர் சூத்திரம் சொல்ல, இன்னொருத்தர் “பாய் அப்படி வெட்டலையே” என்று சொல்ல, பெரும்பாலும் இரண்டும் ஒரே கோட்டில்தான் வந்து முடியும். அப்போது இரண்டு பேருக்குமே ஒரு திருப்தி.

ஒத்துப்போகாத இடம் கழுத்து. வட்டக் கழுத்துக்கு உள்ளே பட்டி வைக்க நேர்த்துணி உதவாது. குறுக்காக, மூலைவாட்டில் வெட்டிய துணிதான் வளையும். பாவு நூலும் ஊடை நூலும் இழுத்த இழுப்புக்குக் கொடுக்காது. இரண்டுக்கும் நடுவில், சரிவில் பிடித்து இழுத்தால் மட்டும் துணி நீளும். அதனால்தான் கிராஸ் பீஸ். அத்தைக்கு இது படத்தில் தெரியும், அம்மாவுக்குக் கண்ணால் தெரியும். ஆனால் மெஷினில் வைத்து ஓட்டும்போது கழுத்து அலைஅலையாக நின்றது. மறுநாள் அந்தச் சட்டை மஞ்சள் பைக்குள் புதுமண்டபத்துக்குப் போனது.

“பாய், இதைக் கொஞ்சம் பாருங்களேன்.”

பாய் சட்டையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். உள்பக்கம் திருப்பினார். ஒரு விரலால் கழுத்தைச் சுற்றித் தடவினார்.

“துணியை இழுத்துப் பிடிச்சுத் தைச்சிருக்கீங்க. அது கோவிச்சுக்கிட்டு நிக்குது. பட்டியை மட்டும் லேசா இழுங்க, சட்டையை அது போற போக்குல விடுங்க. கழுத்து ஓரத்துல கத்தரியால சின்னச் சின்னதா வெட்டு போட்டுட்டுத் திருப்புங்க. பிரிச்சுட்டுத் தைங்க, சரியாயிரும்.”

“கூலி?”

“நீங்க தைக்கப் போறீங்க. எனக்கு எதுக்குக் கூலி?”

அம்மா ஒரு டஜன் கொக்கி வாங்கிக்கொண்டு வந்தார். எங்கள் வீட்டில் கொக்கிக்குப் பஞ்சமே வந்ததில்லை.

காஜாவுக்கு மட்டும் காசு. பொத்தான் துளையைச் சுற்றி நூலால் கட்டுவது பெரியவர்களின் வேலை இல்லை. மெஷினுக்குப் பக்கத்தில் கீழே உட்கார்ந்திருக்கும் பையன்கள் கையால் போடுவார்கள். பத்து வயது, பன்னிரண்டு வயதுப் பையன்கள். தொழில் கற்க வந்தவர்கள் என்று சொல்லுவார்கள். நான் பள்ளிக்கூடச் சீருடையோடு நின்று, என் வயதுப் பையன் ஒருத்தன் என் சட்டைக்குக் காஜா போடுவதைப் பார்த்திருக்கிறேன். அந்த மண்டபத்தை நினைத்து உருகும்போது இதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். தொழில் பழகிய எல்லோரும் விரும்பிப் பழகவில்லை.

நூலுக்கும் இந்த ஊருக்கும் உறவு பழையது. ரயில் நிலையத்துக்கு மேற்கே ஹார்வி மில். 1892-ல் தொடங்கிய மில் அது. பிற்பாடு, 1974-ல், மதுரா கோட்ஸ் ஆனது. மில் சங்கை வைத்து அடுப்புப் பற்றவைத்த வீடுகள் மதுரையில் ஏராளம். சந்தில் மூன்றாவது வீட்டு மாமா மில்லில் ஷிப்டு பார்த்தவர். தையல் நூல் கண்டு விலை ஏறும்போதெல்லாம் பெண்கள் அவரைத்தான் பிடித்துக்கொள்வார்கள், விலை வைப்பது அவர்தான் என்பது போல. நிறத்துக்கு ஒத்த நூல் வாங்குவது ஒரு கலை. கடைக்காரர் முன்னால் துணித் துண்டை வைத்து, கண்டிலிருந்து ஓர் இழையை இழுத்துத் துணிமேல் போட்டுப் பார்க்க வேண்டும். கண்டாகப் பார்க்கும்போது நூல் கறுத்துத் தெரியும். இழையாகப் போட்டால் ஒரு சாயல் வெளுக்கும். அதனால் துணியைவிட ஒரு சாயல் அழுத்தமான நூலை எடுக்க வேண்டும் என்பது புதுமண்டபத்து நூல் கடைக்காரர் சொன்ன பாடம்.

வருஷத்தில் இரண்டு காலத்தில் மண்டபத்தின் முகம் மாறும். தீபாவளிக்கு முன்னால் ஒவ்வொரு தூணாக ‘இனி துணி வாங்க மாட்டோம்’ என்று கைவிரிக்கும். அதற்கப்புறம் வரும் அம்மாக்கள் வீட்டு மெஷினைத்தான் நம்ப வேண்டும்; எங்கள் சந்தில் ராத்திரி இரண்டு மணிக்கும் மிதி ஓடும். இன்னொன்று சித்திரை. அழகர் வைகையில் இறங்கும்போது அவர்மேல் தண்ணீர் பீய்ச்சுவதாக வேண்டிக்கொண்டவர்களுக்கு வேடத்துணி வேண்டும். தலைக்கு உருமால், இடுப்புக்குச் சல்லடம், பளபளவென்று சிவப்பும் மஞ்சளுமாக, ஓரம் முழுக்க ஜிகினா. கருப்பசாமி வேடத்துக்குத் தனித் துணி. இவற்றோடு ஊர்க் கோயில்களுக்குக் குடை, தொம்பை, சாமிக்குப் பட்டு. அழகருக்கு வேண்டிக்கொண்டவனின் சல்லடத்தை பாய் தைப்பார், அதற்கு நூல் கோக்கும் பையனின் தகப்பன் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவன் என்று யாரும் கேட்டதில்லை. வேலை நடக்க வேண்டும், எதிர்சேவைக்குள் துணி கைக்கு வர வேண்டும், அவ்வளவுதான் கவலை.

சித்திரை முடிந்தால் எங்களுக்கு லாபம். ஜிகினா லேஸின் மிச்சம், விரல் அகலச் சாட்டின் பட்டை, ஒரு முழத்துக்குக் குறைவான துண்டு எல்லாம் கடை வாசலில் குவித்து அள்ளிக் கொடுப்பார்கள். அந்த வருஷத்துப் பஃப் கைகளில் எல்லாம் அழகரின் ஜிகினா மின்னும். வைகாசியில் சந்துப் பிள்ளைகள் விளையாட வந்தால் யார் அம்மா முதலில் போனார், யார் அம்மா தாமதமாகப் போனார் என்பது சட்டையிலேயே தெரிந்துவிடும்.

அந்தப் பாவாடை சட்டைகள் நன்றாக இருந்தனவா என்று கேட்டால், தையல்காரர் தைத்ததற்கு நிகராக இருந்ததில்லை. ஒரு கை மற்றதைவிடக் கொஞ்சம் உப்பலாக இருக்கும். பின்பக்கக் கொக்கிகள் ஒரே நேர்கோட்டில் வராது. உள்ளே இரண்டு விரல் துணி விட்டுத் தைத்ததால் பக்கவாட்டில் தடிப்பாக உறுத்தும். ஆனால் அந்த இரண்டு விரல்தான் அடுத்த வருஷத்துச் சட்டை. கூலிக்குத் தைப்பவருக்கு அன்றைய அளவு போதும்; அம்மாவுக்கு வரப்போகும் அளவும் சேர்த்து வேண்டும். வீட்டில் தைத்த துணி கச்சிதமாக இல்லாததற்குத் திறமைக் குறைவு பாதிக் காரணம், முன்யோசனை மீதிக் காரணம்.

நான் கல்லூரிக்குப் போகும் காலத்தில் சுடிதார் வந்துவிட்டது. அதற்குப் பின்னால் ரெடிமேட். பாவாடை சட்டை தினசரி உடுப்பு என்ற நிலையிலிருந்து விலகி, பட்டுப் பாவாடையாகிப் பண்டிகைக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் வெளியே வரத் தொடங்கியது. எங்கள் சந்தின் மெஷின் பெட்டிமேல் தொலைபேசி ஏறி உட்கார்ந்தது. ஆனாலும் புதுமண்டபத்தில் மெஷின்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. பழைய சேலையை உள்பாவாடையாக்க, பேண்ட் நீளம் குறைக்க, சாமிக்குத் துணி தைக்க என்று ஆட்கள் வந்தபடி இருந்தார்கள்.

2018 பிப்ரவரி 2 இரவு கோயிலின் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்தது. கடைகள் இருந்த இடம் அது. கல்லே வெடித்து விழுந்த படத்தைப் பார்த்து ஊரே பதறியது. கோயிலுக்குள் கடைகள் கூடாது என்ற பேச்சு அதோடு வலுத்தது. புதுமண்டபத்துக் கடைகளுக்கு மாநகராட்சி கட்டிய குன்னத்தூர் சத்திரத்தில் இடம் ஒதுக்கினார்கள். சில வருஷ இழுபறிக்குப் பிறகு மெஷின்கள் ஒவ்வொன்றாகத் தூண்களை விட்டுக் கிளம்பின.

இதில் நான் ஒரு பக்கம் மட்டும் பேச முடியாது. 1858-ல் லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி மதுரைக்கு வந்து எடுத்த புகைப்படங்களில் புதுமண்டபமும் இருக்கிறது. தூண்களின் வரிசை தடையில்லாமல் கண்ணுக்குக் கிடைக்கும் படம் அது. முதன்முதலில் பார்த்தபோது எனக்கே அடையாளம் தெரியவில்லை. நான் கயிறும் துணியும் பார்த்துப் பழகிய இடத்தில் இத்தனை வேலைப்பாடா என்று இருந்தது. சிற்பங்களில் ஆணி அடித்திருந்தார்கள். மெஷின் எண்ணெய்ப் பிசுக்கு கல்லில் ஊறியிருந்தது. அந்தக் கல்லுக்கு ஓய்வு கொடுக்க வேண்டியதுதான். தையல்காரர்கள் மறுபடி அங்கேயே வர வேண்டும் என்று நான் கேட்க மாட்டேன்.

நான் இழந்ததாக நினைப்பது வேறு. அந்த மண்டபம் ஒரு வழி. குங்குமம் வாங்க வந்தவரும், சாமி கும்பிட வந்தவரும், பிள்ளைக்குப் பழைய புத்தகம் தேடி வந்தவரும் தையல்காரரைக் கடந்துதான் போக வேண்டும். கடக்கும்போது நிற்கலாம். நின்றால் ஏன் நிற்கிறாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள். தொழிலைத் தெருவில் வைத்துச் செய்கிறவர், பார்ப்பவருக்குக் கொஞ்சம் இடம் கொடுத்துத்தான் ஆக வேண்டும். அந்தக் கொஞ்ச இடத்தில்தான் எங்கள் அம்மாக்கள் படித்தார்கள். கட்டணம் இல்லை, சேர்க்கை இல்லை, பட்டம் இல்லை. சந்தேகம் வந்தால் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு திரும்ப வரலாம். கற்றுக்குட்டிக்கு ஆசிரியரைவிட அதிகம் வேண்டியது இப்படிக் காரணமில்லாமல் நின்று பார்க்க ஓர் இடம்.

சென்ற சித்திரைக்கு என் தங்கை பேத்திக்குச் சுங்குடியில் பாவாடை சட்டை தைத்தேன். இப்போது கைபேசியைத் திறந்தால் வெட்டுவதிலிருந்து கொக்கி வைப்பதுவரை தமிழில் சொல்லிக்கொடுக்கும் காட்சிகள் கிடைக்கின்றன. நன்றாகவே சொல்லிக் கொடுக்கிறார்கள். அத்தையின் நோட்டுப் புத்தகத்தைவிடத் தெளிவு. நிறுத்தி, திருப்பி, மறுபடி பார்க்கலாம். அந்த வசதி அம்மாவுக்கு இருந்திருந்தால் என்னென்ன தைத்திருப்பாரோ. ஆனால் காட்சியில் வருகிறவர் என் துணியைப் பார்க்க மாட்டார். என் சுங்குடி ஏன் ஒரு பக்கம் இழுக்கிறது என்று அவர் எப்படிச் சொல்வார்?

அதைக் கேட்கத்தான் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போனேன். வரிசையாக ஷட்டர் போட்ட கடைகள், பளிச்சென்று விளக்கு. தையல்காரர்கள் அதே ஆட்கள்தான், சிலர் அந்த ஆட்களின் பிள்ளைகள். ஒருத்தர் சட்டையை வாங்கி, உள்பக்கம் திருப்பி, பட்டியைப் பிரித்து மறுபடி வைக்கச் சொன்னார். காசு வாங்கவில்லை. “முன்னாடி இப்படித்தாம்மா தினம் பத்துப் பேராவது கொண்டாந்து காட்டுவாங்க. இங்க தேடி வர்றவங்கதான் வர்றாங்க. போற போக்குல எட்டிப் பாக்க ஆளில்ல” என்றார்.

கையும் மெஷினும் பிழைத்துக்கொண்டன, பார்வையாளர்தான் போய்விட்டார். புது வணிக வளாகம் கட்டும்போது கடைக்கு இத்தனை சதுர அடி, மின்சாரத்துக்கு இத்தனை, வாகனம் நிறுத்த இத்தனை என்று கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்கில் இன்னொன்றையும் சேர்க்கலாம். கைத்தொழில் செய்கிறவர்களுக்கு எங்கே கடை கொடுத்தாலும் வாசலில் இரண்டடி அகலத்தில் ஒரு திண்ணை விட்டுக் கட்டுங்கள். ஒரு டஜன் கொக்கி வாங்கியவர் உட்கார்ந்து பார்க்கட்டும்.